எமரிச் சக்கரம் போகாத இடம்

மணிமங்கலம்
மார்ச் 24

என் பேரன் தணிகைவேலுக்கு ஆயா எழுதறது.

எனக்கு முட்டி வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. உனக்கு அங்கே சோறு இறங்குதா, தூக்கம் வருதா, அதை முதல்ல எழுது.

உன்னைக் கூட்டிக்கினு போய் இன்னியோட பன்னிரண்டு நாள். ஜெயில்லேருந்து நீ போன் பண்ணினப்போ உங்கம்மா என் காதுல வெச்சா. பாலீஷ் பட்டறை மோட்டார் இருபத்திரண்டு வருஷம் கத்தி ரெண்டு காதையும் வாங்கிக்கினு போயிடுச்சே, எனக்கு போன்ல இன்னா கேக்கும்? நீ ஆயான்னு சொன்னது மட்டும் புரிஞ்சுது. அதனால எழுதறேன். அஞ்சாங் கிளாஸ் எழுத்துதான். ஆனா கோணல் இருக்காது, அது உனக்கே தெரியும்.

இலவச வக்கீல்னு அமலான்னு ஒரு அம்மா வந்தாங்க. என் பக்கத்துல உக்காந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாங்க. எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க அதை ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணுமாம். உங்க முதலாளி சங்கரநாராயணன் சாரும் பெட்டியைக் கொண்டுபோய்த் திறந்தாராம். உள்ளே இருந்த பழைய ஜெர்மனி துப்பாக்கியில நம்பரே இல்லையாம். வழவழன்னு தேய்ச்சு எடுத்திருந்துச்சாம். ஃபாக்டரியில அதைத் தொடறவன் நீ ஒருத்தன்தான்னு அவர் சொல்ல, நான்தான் தேய்ச்சேன்னு நீயும் சொல்லிட்டியாம். எதுக்குன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்கலையாம். நம்பர் அழிச்ச துப்பாக்கின்னா வருஷக்கணக்குல உள்ளே வெக்கிற கேஸுன்னு அமலாம்மா சொன்னாங்க.

அது எப்படி இருக்கும்னு கேட்டேன். செல்லுல போட்டோ காட்டினாங்க. பார்த்தேன். நல்லா பளபளன்னு இருந்துச்சு.

அதுக்கு மேல இன்னிக்கு எழுத ஓடலை. வல்லக்கோட்டை முருகனுக்குக் காசு முடிஞ்சு வெச்சிருக்கேன். தண்ணி நிறைய குடி.

உன் ஆயா
சந்திரம்மாள்

~

ஏப்ரல் 2

ஆயாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முட்டிக்கு அந்த எண்ணெயைத் தடவு, சும்மா வெச்சுக்கினு இருக்காதே. இங்கே சோறு பரவாயில்லை. தூக்கமும் வருது.

உன் லெட்டரை இங்கே பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் குடுக்கறாங்க. அதனால வீட்டு விஷயம் மட்டும் எழுது. மாடி ரூம் பொண்ணுங்க வாடகை ஒழுங்கா தராங்களா, தண்ணி லாரி வருதா, இதெல்லாம் எழுது. பண்டிகை, பூசை பத்தி எதுவும் எழுதாதே. படிச்சா வீட்டு ஞாபகம் வந்து கஷ்டமா இருக்கு.

போட்டோ பார்த்தேன்னு எழுதியிருக்கே. அதை மறந்துடு. தேய்ச்சது நான். ஃபாக்டரியில, டூல் ரூம்ல, நானே தேய்ச்சேன். வக்கீல் கேட்டா நீ ஒண்ணும் பார்த்ததில்லைன்னு சொல்லு. பார்க்கவும் இல்லைதானே.

சார் மேல கோவப்படாதே. அவருக்கு அது வெறும் துப்பாக்கி இல்லை. ஞாயித்துக்கிழமை ஓரகடம் ஃபாக்டரியில யாரும் இல்லாதப்போ என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறப்பார். அடியில இருக்கிற பிடியைக் கீழே தள்ளினா உள்ளே ஒரு இரும்புக் கட்டை இறங்கும், பாரு ஆயா, தண்ணியில இறங்கற மாதிரி, சத்தமே வராது. நூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் அரத்தால ராவி ராவி அப்படி உக்கார வெச்சிருக்கான். எங்க மெஷின்ல அந்த அளவு வராதுன்னு சார் சொல்வார். அதுல ஒரு வாட்டிக்கு ஒரு குண்டுதான். தப்பினா தப்பினதுதான்.

அம்மாகிட்ட அழ வேண்டாம்னு சொல்லு.

தணிகை

~

மணிமங்கலம்
ஏப்ரல் 7

தணிகைக்கு,

இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கினுதான் இருக்கோம். நீ இளைச்சிட்டேன்னு உங்கம்மா பார்த்துட்டு வந்து சொன்னா. தூக்கம் வருதுன்னு நீ எழுதினது பொய்யாமே. கண்ணு குழி விழுந்திருக்காம்.

வாடகை வந்துச்சு. தண்ணி லாரி செவ்வாய்க்கிழமை வரலை. நீ கேட்ட வீட்டு விஷயம் அவ்வளவுதான்.

ஜாமீன் குடுக்கலை. அமலாம்மா கோர்ட்லேருந்து நேரா இங்கே வந்தாங்க. செருப்பைக்கூடக் கழட்டலை. "பாட்டி, உங்க பேரன் காரணத்தைச் சொல்ல மாட்டேங்கறான். காரணம் இல்லைன்னா போலீஸ் ஒரு காரணத்தை வெச்சுக்கும்"னாங்க. இன்னா காரணம்னு கேட்டேன். நல்ல துப்பாக்கியை நீ வெளியே வித்துட்டு வேற ஒரு துப்பாக்கியை நம்பர் அழிச்சு பெட்டியில வெச்சிட்டேன்னு எழுதிக்கினு கீறாங்களாம். வாங்கினது யார்னு நீ சொல்ற வரைக்கும் விட மாட்டாங்களாம். இல்லாத ஆளை நீ எங்கேருந்து சொல்வே?

உன் லெட்டரை நாலு வாட்டி படிச்சேன். பதில் எழுத மாட்டேன். சொன்னபடி கேக்கற கிழவின்னு நினைச்சுக்கோ.

உங்க சாருக்கு எழுதப் போறேன். திட்டி இல்லை. ஒரு சந்தேகம் கேக்கணும்.

உடம்பைப் பார்த்துக்கோ கண்ணு.

ஆயா

~

மணிமங்கலம்
ஏப்ரல் 9

மதிப்புக்குரிய முதலாளி சங்கரநாராயணன் அவர்களுக்கு,

உங்க ஃபாக்டரி டூல் ரூம்ல வேலை செய்யற தணிகைவேலுக்கு அப்பாவைப் பெத்தவள் எழுதறேன். நீங்களும் வீட்டு அம்மாவும் சௌக்கியமா இருக்கணும். ஜெர்மனியில உங்க மகளுக்குக் குழந்தை பிறந்து, ஐப்பசி மாசத்துக்கு முன்னாடி போய் மாசியிலதான் வந்தீங்கன்னு சொன்னாங்க. பேரப்பிள்ளை நல்லா இருக்கணும்.

நான் உங்ககிட்ட கெஞ்ச எழுதலை. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். குன்றத்தூர்ல பாலீஷ் பட்டறையில இருபத்திரண்டு வருஷம் சக்கரத்துக்கு முன்னாடி நின்னவ நான். எனக்குத் தெரிஞ்சு கருத்துப்போன இரும்பைத் தேய்ச்சா இரும்புக்கு நல்லதுதான். துரு போகும், ஆயுசு கூடும். அந்தத் துப்பாக்கியில அப்படி இன்னாங்க போயிடுச்சு? நம்பர்னா நாலு எழுத்து. திரும்ப வெட்டிக்க முடியாதா?

விவரமா எழுதுங்க. பொறுமையா படிப்பேன்.

இப்படிக்கு
சந்திரம்மாள்

~

ஓரகடம்
ஏப்ரல் 20

திருமதி சந்திரம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் சுகம். தாங்கள் இந்த வயதில் படும் அலைச்சலை எண்ணி வருந்துகிறேன்.

கேட்டதால் சொல்கிறேன். அது வேட்டைக்கோ சண்டைக்கோ செய்த துப்பாக்கி அல்ல. ஜெர்மனியில் அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கூடி இலக்கு சுடுவார்கள். ரொட்டிக்கடைக்காரர், தச்சர், வாத்தியார் எல்லோரும் வருவார்கள். அதற்கென்றே செய்தவை இவை. தோளில் கொக்கிபோல் மாட்டும் அடிக்கட்டை, உள்ளங்கையில் தாங்க ஓர் உருண்டை, மயிரிழையில் விழும் விசை. நம் சட்டப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே என்னைப் போன்றவன் ஒன்றை விட்டால்தான் இன்னொன்றை எடுக்க முடியும். என்னிடம் இருந்த நல்லதொன்றை விட்டுவிட்டு இதை எடுத்தேன். ஆறு வருடம் தேடி, கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாக் குடும்பத்திடம் கண்டுபிடித்தேன்.

குழலின் மேல் அதைச் செய்தவர் பெயரும் ஊரும் இருந்தன. பக்கவாட்டில், போட்டியில் அதை வென்றவர் பெயரும் 1909 என்ற வருடமும். தாங்கள் கருப்பு என்று சொல்வது அழுக்கு அல்ல அம்மா. செய்தவரே வாரக்கணக்கில் துருவை வரவழைத்து, துடைத்து, மறுபடி வரவழைத்து ஏற்றிய நிறம். இரும்பு அரிக்காமல் காப்பதே அதுதான். அதைத் திரும்ப ஏற்றலாம். அவர் ஏற்றியதாக ஆகாது. எழுத்தையும் வெட்டலாம். அது போலி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் இருப்பது என் துப்பாக்கியே அல்ல என்று நினைக்கிறேன். மாற்றிவிட்டார்கள். என்னுடையது பெட்டியை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழக்கு முடிந்ததும் ஸ்டேஷனில் உள்ளதை யாருடையதும் அல்ல என்று உருக்கிவிடுவார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என்னுடையது எங்கே போனது என்று தணிகைவேல் சொன்னால் போதும்.

உடல்நலம் பேணவும்.

சங்கரநாராயணன்

~

மணிமங்கலம்
ஏப்ரல் 24

முதலாளி அவர்களுக்கு,

உங்க லெட்டர் வந்து மூணு நாளாச்சு. வீட்ல எல்லாரும் சுகம்னு எழுதறதுக்கு எனக்கு மனசு வரலை, மன்னிச்சுக்கோங்க.

உங்க துப்பாக்கியைத் தேய்ச்சது நான்.

ஆயுத பூசைக்கு நாலு நாள் முன்னாடி, நீங்க ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு, படப்பை கூட்ரோட்டுல காரை நிறுத்தி பெட்ஷீட்டுல சுத்தி தணிகைகிட்ட குடுத்தீங்க. மரக்கட்டை இல்லாம இரும்பு மட்டும். பிடி விசை ஒடிஞ்சு போச்சு, ஃபாக்டரியில நாலு பேர் பார்ப்பாங்க, வீட்ல வெச்சு செஞ்சு வைன்னு சொன்னீங்கன்னு அவன் என்கிட்ட சொன்னான். பெட்டியை விட்டு வெளியே போகலைன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. எனக்கு அதிகம் படிப்பில்லை, அதனால அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரலை.

மறுநாள் அவன் டபுள் ஷிஃப்ட் பார்த்துட்டு வந்து பகல்ல தூங்கினான். நான் பூசைக்கு வைக்கறதை எல்லாம் எடுத்துத் தேய்ச்சுக்கினு இருந்தேன். அருவாமனை, சுத்தி, இரும்பைக் கவ்விப் பிடிக்கற அவன் வைஸ், எல்லாம். கொட்டகையில என் பழைய மோட்டார் இன்னும் ஓடுது. மூட்டையைப் பிரிச்சா கருகருன்னு ஒரு இரும்பு. என் வீட்ல பூசைக்கு இப்படி ஒரு இரும்பு போகுமான்னு எடுத்தேன். முதல்ல சொரசொரன்னு இருக்கற எமரிச் சக்கரம், அப்புறம் துணிச் சக்கரம், பாலீஷ் சோப்புக் கட்டி போட்டு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. எழுத்து இருந்துச்சு. இங்கிலீஷ் எழுத்து. கம்பெனி பேரா இருக்கும்னு நினைச்சேன். ஒரு ஆள் பேர்னு தெரியாதுங்க.

அவன் எழுந்து வந்து பார்த்தான். "ஆயா, இன்னா பண்ணே"ன்னான். "பூசைக்கு வெக்கற பொருளை இப்படியாடா வெச்சிருப்பே, அசிங்கமா"ன்னேன். அவன் சிரிச்சான். நான் சந்தனம் வெச்சேன், குங்குமம் வெச்சேன். பூசை முடிஞ்சு அவன் விசையைச் செஞ்சு, மரக்கட்டையில மாட்டி, பெட்டியில கொண்டுபோய் வெச்சிட்டான். அவன் அன்னிக்கு சிரிச்ச சிரிப்பு எப்பேர்ப்பட்டதுன்னு அமலாம்மா செல்லுல போட்டோவைப் பார்த்தப்போதான் எனக்குத் தெரிஞ்சுது.

அது உங்க துப்பாக்கி இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பிடி இறங்கற பொந்துக்குள்ளே, இடது கைப்பக்கம், சக்கரம் போகலை. துணி சுத்தின குச்சியால துடைச்சு விட்டுட்டேன். அங்கே நகக்கண் அளவுல 47ன்னு வெட்டியிருக்கும். ஏழுக்கு நடுவுல ஒரு குறுக்குக் கோடு. போய்ப் பாருங்க.

இதை எழுதறதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆயிருக்கு. பயம்தான். வேற காரணம் சொல்ல மாட்டேன்.

சந்திரம்மாள்

~

மே 13

ஆயாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியான்னு இந்த வாட்டி கேக்க மாட்டேன். வெளியே போற ஒருத்தர் கையில இதைக் குடுத்தனுப்பறேன், இங்கே யாரும் படிக்க மாட்டாங்க.

ஃபாக்டரி மேனேஜர் என்னைப் பார்க்க வந்தார். இத்தனை நாள்ல முதல் வாட்டி. நீ சாருக்கு லெட்டர் எழுதினது சரியில்லைன்னு சொன்னார். அதுல இருக்கறது வெளியே வந்தா மூணு பேருக்கும் கஷ்டம், சும்மா இருந்தா பெரிய வக்கீல் வெச்சு உன்னை வெளியே எடுத்துடலாம்னார். நான் சரின்னு தலையாட்டினேன்.

நான் சொல்றதைக் கேளு. எனக்கு இருபத்தாறு வயசு. எனக்கு இங்கே ரெண்டு வருஷம் போனாலும் வெளியே வந்து வேலை தேடிக்குவேன். பெண்கள் ஜெயில்ல கீழே படுக்கணும். நீ படுத்தா உன்னால எழுந்துக்க முடியாது. நீ தெரிஞ்சா பண்ணே? நான் அதைப் பூட்டி வெச்சிருக்கணும். வெக்கலை. தப்பு என்னோடது. அதனாலதான் நான் பண்ணேன்னு சொன்னேன், அது பொய் இல்லை.

இனிமே யாருக்கும் எழுதாதே. எனக்கும் எழுதாதே.

தணிகை

~

மணிமங்கலம்
மே 18

முதலாளி அவர்களுக்கு,

உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கட்டும்.

நான் எழுதி இருபத்திநாலு நாளாச்சு. பதில் இல்லை. உங்க மேனேஜர் மட்டும் வந்தார். மோர் குடிச்சார். "வயசான காலத்துல உங்களுக்கு ஏம்மா இந்த வேலை"ன்னு என் காதுக்கிட்ட வந்து கத்தினார். எனக்குக் கேக்கலைன்னு சொல்லி இன்னொரு வாட்டி கத்த வெச்சேன். ரெண்டாவது வாட்டி தெருவே கேட்டுச்சு. கிளம்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். நான் தேய்ச்சதை மட்டும்தான் சொல்வேன். எப்படி வீட்டுக்கு வந்துச்சுன்னு கேட்டா உங்களைக் கேக்கச் சொல்வேன். பொய் சொல்ல வராது, அடுத்தவங்க விஷயத்தைச் சொல்லவும் பிடிக்காது.

நீங்க அந்த 47ஐப் போய்ப் பார்த்தீங்களா இல்லையா? ஆறு வருஷம் தேடின பொருள். ஸ்டேஷன் மூலையில கெடக்குது. உங்களோடது இல்லைன்னு நீங்க சொல்ற வரைக்கும் அது உலைக்குப் போற இரும்புதான்.

சந்திரம்மாள்

~

மணிமங்கலம்
மே 27

தணிகை கண்ணு,

எழுதாதேன்னே. எழுதறேன். நாளைக்கோ மறுநாளோ ஜாமீன் பேப்பர் அங்கே வந்துடும்னு அமலாம்மா சொன்னாங்க. நீ வீட்டுக்கு வந்தா கத்துவே. எனக்குக் காது கேக்காது, உனக்குத்தான் தொண்டை கட்டும். அதனால நடந்ததை முன்னாடியே எழுதிடறேன். உடம்பு நல்லா இருக்கு. முட்டிக்கு எண்ணெய் தடவறேன்.

மாடி ரூம் இசக்கிசெல்வி ஒரு நாள் லீவு போட்டுக் கூட வந்தா. ஷேர் ஆட்டோவுல போனோம். "பாட்டி, ஸ்டேஷன்ல வச்சு அழுதுராதிய, எனக்கும் அழுக வந்துரும்"னா. "நீ அழுவாம வா"ன்னேன்.

இன்ஸ்பெக்டர் எல்லாத்தையும் கேட்டார். சிரிக்கலை, திட்டலை. "யம்மா, பேரனை எடுக்க எல்லா வூட்டுப் பாட்டியும் இப்படித்தான் நான் பண்ணேன்னு வந்து நிக்கும். உன்னால அந்த இரும்பைத் தூக்கவாவது முடியுமா"ன்னார். இசக்கிசெல்வி எல்லாத்தையும் என் காதுல சொல்லிக்கினே இருந்தா. எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு. எழுதிக்குங்கன்னு உக்காந்துட்டேன்.

எழுதி முடிச்சு ரேகை வைக்கச் சொன்னாங்க. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னேன். ரெண்டும் வேணும்னாங்க. கட்டை விரலை மையில அழுத்தி வெச்சேன். காகிதத்துல மை மட்டும் வட்டமா ஒட்டுச்சு, ஒரு கோடு இல்லை. இன்னொரு வாட்டி வெச்சேன். அதே கதை. வலது கை, இடது கை, எல்லா விரலும் பார்த்தாச்சு. எழுதினவர், "சார், இந்தம்மாவுக்கு ரேகையே இல்ல"ன்னார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். என் கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எத்தனை வருஷம் சக்கரத்துல நின்னே"ன்னார். இருபத்திரண்டுன்னேன். அப்புறம் தூக்க முடியுமான்னு அவர் கேக்கலை.

"துப்பாக்கி உன் வூட்டுக்கு எப்படி வந்துச்சு?"

அவரைக் கேளுங்கன்னு வாசலைக் காட்டினேன். உங்க சார் அங்கே நின்னுகினு இருந்தார். எப்போ வந்தார்னு தெரியாது. சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. கார்லேயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாராம், இசக்கிசெல்வி பார்த்திருக்கா.

அவர் எனக்கு வணக்கம்கூடச் சொல்லலை. துப்பாக்கியைக் காட்டச் சொன்னார். கொண்டு வந்தாங்க. செல்லு லைட்டை அடிச்சு பொந்துக்குள்ளே பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கினு பார்த்தார், மறு கண்ணை மூடிக்கினு பார்த்தார். இல்லைன்னு சொல்லிட்டா நீ உள்ளேதான், நான் கதை கட்டின கிழவிதான்.

"இது என்னுதுதான். வெளியே குடுத்தது நான். எழுதிக்குங்க"ன்னார்.

இன்ஸ்பெக்டர், "யோசிச்சு சொல்லுங்க சார், லைசென்ஸ் போயிடும். ரெண்டு துப்பாக்கியும் போயிடும். உங்க மேலயும் கேஸ் வரும்"னார்.

"எழுதிக்குங்க. உருக்கக் கூடாதுன்னும் சேர்த்து எழுதுங்க."

அவ்வளவுதான் நடந்தது. இப்போ கேஸ்ல மூணு பேர். உன் பேரு மூணாவது. நான் முதல். கோர்ட்டுக்கு நான் வந்து போகணும், ஆனா வயசைப் பார்த்து உள்ளே வெக்க மாட்டாங்கன்னு அமலாம்மா சொல்றாங்க. வெச்சா வெக்கட்டும். அந்தத் துப்பாக்கியைச் செஞ்சவன் பேரை நான் ரெண்டு மணி நேரத்துல அழிச்சிட்டேன். ஜெயிச்சவன் பேரையும் அழிச்சிட்டேன். அவங்க வந்து கேக்கப் போறதில்லை. எனக்கு அது உறுத்தலாத்தான் இருக்கு.

வெளியே வந்து செருப்பு மாட்டறப்போ உங்க சார் என் காதுக்கிட்ட வந்தார். "ஒரு கீறல்கூட இல்லாம தேய்ச்சிருக்கீங்க"ன்னு சொன்னார். திட்டறாரா இன்னான்னு தெரியலை. காது கேக்காத மாதிரி நின்னுட்டேன். ஷேர் ஆட்டோவுல ஏறின பிறகும் அது காதுலேயே இருந்துச்சு.

நீ வந்து கோவமா இருப்பே. இரு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நீ எனக்காகப் பண்ணது எல்லாம் எனக்குப் புரியுது. அந்த வேலையை நீ செஞ்சதா கையெழுத்துப் போட்டதைத்தான் என்னால தாங்கிக்க முடியலை. உனக்கு அப்படித் தேய்க்க வராதுடா.

பஸ் ஏறினா உங்கம்மாவுக்கு போன் பண்ணு. சோறு சூடா இருக்கும்.

சந்திரம்மாள்